கோல் நிமிர்ந்தது, மீன் எங்கே? உறைந்த ஏரியில் விசைத் தாங்கி வைத்துப் பிடிப்பவர்களுக்கு

உறைந்த ஏரியில் இரண்டு துளை போட்டு, ஒன்றில் தூண்டிலைக் கையால் ஆட்டிக்கொண்டு, மற்றதில் விசைத் தாங்கியை வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். பின்னால் ‘பட்’ என்று ஒரு சத்தம். வில்லாக வளைந்திருந்த கோல் நிமிர்ந்து நிற்கிறது. ஓடிப்போய் எடுத்தால் தூண்டில் நரம்பின் முனையில் கனமே இல்லை. என் முதல் நாளில் மதியத்துக்குள் இப்படி ஐந்து முறை. கருவியைத் திட்டித் தீர்த்தேன். பிறகுதான் தெரிந்தது, ஐந்தில் நான்கு என் கைத்தவறு.

ஜாஜாக்கர் (JawJacker) என்ற பெயரில் விற்கப்படுவது போன்ற இந்தத் தாங்கிகளின் அடிப்படை எளியது. கோலின் பிடியைத் தாங்கியில் செருகி, நுனியைக் கீழே வளைத்து, துளைக்கு நேர் மேலே உள்ள விசையில் மாட்டுகிறோம். சில மாதிரிகளில் நுனி வளையத்தை மாட்ட வேண்டும், சிலவற்றில் நரம்பை. மீன் இரையைக் கவ்வி நரம்பைக் கீழே இழுத்ததும் விசை விடுபடுகிறது. கோல் நிமிர்கிற வேகத்தில் தூண்டில் முள் மீனின் வாயில் ஏறுகிறது. கருவியிடம் இருப்பது அந்த ஒரே ஒரு இழுப்புதான். கையில் கோல் பிடித்திருப்பவர் இன்னொரு முறை சுண்டலாம், கருவியால் முடியாது. அந்த ஒரு இழுப்பு வழியில் எங்கும் வீணாகாமல் முள்ளின் முனை வரை போய்ச் சேர வேண்டும். கீழே உள்ள படிகள் எல்லாம் அதற்காகத்தான்.

முதலில் ஏரியும் விதியும்

அமெரிக்காவின் மினசோட்டா மாநில இயற்கை வளத்துறை, நடந்து போவதற்குக் குறைந்தது 4 அங்குலம், அதாவது சுமார் 10 செ.மீ., தெளிவான புதிய பனிக்கட்டி வேண்டும் என்கிறது. வெள்ளையாகக் கலங்கிய பனிக்கட்டி அவ்வளவு வலுவானதல்ல. துளையிட்டு அளந்து பாருங்கள், அடுத்தவர் நிற்கிறாரே என்று நம்பாதீர்கள். ஒருவர் எத்தனை தூண்டில் போடலாம் என்பதும் இடத்துக்கு இடம் மாறும்: மினசோட்டாவில் பனிக்கட்டி வழியாக இரண்டு, பக்கத்து விஸ்கான்சினில் மூன்று. தானாக முள் ஏற்றும் கருவி நீங்கள் போகும் ஏரியில் அனுமதிக்கப்பட்டதா என்று அந்த ஆண்டின் விதிப்புத்தகத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

படி 1: கோல்

விறைப்பான கோல் வளையாது. வளையாத கோலில் இழுப்பு சேர்ந்திருக்காது. துவண்டு போகும் கோல் வளையும், ஆனால் நிமிரும்போது வேகம் இருக்காது. வால்ஐ (walleye), டிரவுட் (trout) போன்ற நன்னீர் மீன்களுக்கு நடுத்தர வலுவுள்ள கண்ணாடி இழைக் கோலைத்தான் நான் சொல்வேன். கார்பன் இழைக் கோல் கையில் பிடிக்க அருமையானது, ஆனால் கடுங்குளிரில் மணிக்கணக்கில் வளைத்து வைத்தால் நுனி முறிய வாய்ப்புண்டு. பழைய, மலிவான கண்ணாடி இழைக் கோல் வீட்டில் சும்மா கிடந்தால் அதற்கு இதுதான் சரியான வேலை.

படி 2: நரம்பு

நைலான் நரம்பு இழுத்தால் சற்று நீளும். மூன்று மீட்டர் ஆழத்தில் அது பெரிதில்லை, பன்னிரண்டு மீட்டரில் இழுப்பின் ஒரு பகுதியை அந்த நீட்சியே தின்றுவிடும். பின்னல் நரம்பு அவ்வளவாக நீளாது. ஆனால் தண்ணீரை உறிஞ்சி, வளையங்களில் உறைந்து கல்லாகிவிடும். கூடாரத்துக்குள் அடுப்பு வைத்திருப்பவர்கள் பின்னல் நரம்பைப் போட்டு, கடைசி ஒரு மீட்டரை மட்டும் ஃபுளூரோகார்பன் என்ற ஒற்றை இழை நரம்பாக முடிந்துகொள்ளலாம். திறந்த வெளியில் நைலானே நிம்மதி.

படி 3: முள்ளும் இரையும்

முள்ளின் முனையைக் கட்டைவிரல் நகத்தின் மேல் லேசாக வைத்து நகர்த்துங்கள். வழுக்கினால் மழுங்கிவிட்டது, தீட்டுங்கள் அல்லது மாற்றுங்கள். நகத்தைப் பற்றி நின்றால் சரி.

முள் சிறியதாக இருந்து இரை பெரியதாக இருந்தால், கோல் நிமிரும்போது முள் இரைக்குள்ளேயே புதைந்துவிடும். மீன்குஞ்சைக் கோக்கும்போது முனை முழுவதும் வெளியே தெரிய வேண்டும். முதுகுத் துடுப்புக்குச் சற்றுக் கீழே, முதுகெலும்பைத் தொடாமல் மேலாகக் கோத்தால் குஞ்சு உயிரோடு நீந்தும், முள்ளும் வெளியே நிற்கும்.

படி 4: ஆழம்

என் நான்கு தவறுகளில் மூன்று இங்கேதான்.

ஈயத்தைக் கட்டி அடி மட்டத்தைக் கண்டுபிடித்து, அதிலிருந்து 30 செ.மீ. மேலே இரை நிற்கும்படி நரம்பை வைத்தேன். கோல் அப்போது நேராக இருந்தது. பிறகு நுனியை வளைத்து விசையில் மாட்டினேன். நுனி எவ்வளவு கீழே இறங்கியதோ, அவ்வளவு நரம்பும் கீழே இறங்கியது. இரை சேற்றில் படுத்துக்கொண்டது, நரம்பு தொய்ந்துவிட்டது. மேலே இருந்து பார்க்க எல்லாம் ஒழுங்காகத்தான் தெரிந்தது.

தொய்வு என்ன செய்யும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். கோல் நிமிரும்போது நுனி ஒரு முழம் மேலே போகிறது என்று வைத்துக்கொள்வோம். நரம்பில் ஒரு சாண் தொய்வு இருந்தால், முதல் பாதி அந்தத் தொய்வை எடுப்பதிலேயே போய்விடும். மிச்சம் இருப்பது ஒரு சாண். அதிலும் நரம்பின் நீட்சி பங்கு கேட்கும். மீனின் வாயில் படுவது ஒரு செல்லத் தட்டல்தான்.

எனவே நுனியை முதலில் விசையில் மாட்டுங்கள். அந்த நிலையில் இருந்தபடி ரீலைச் சுற்றி ஆழத்தைச் சரிசெய்யுங்கள். இரைக்கு மேலே ஓர் ஈயக் குண்டைக் கடித்து வைத்தால் நரம்பு நேராகத் தொங்கும். விரலால் நரம்பைத் தொட்டால் அதன் கனம் தெரிய வேண்டும்.

படி 5: விசை

விசை எவ்வளவு இளக்கமாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது என்றுதான் எல்லோரும் தொடங்குகிறார்கள். அப்படி வைத்தால் மீன் முகர்ந்து பார்க்கும்போதே கோல் நிமிர்ந்துவிடும். சில நேரம் இரைக்குஞ்சு துள்ளியதற்கே. கோல் நிமிர்ந்து, இரை அலுங்காமல் திரும்பி வந்தால் விசை இளக்கம் என்று முதலில் சந்தேகப்படுங்கள். இரை போய், முள் வெறுமையாக வந்தால் பெரும்பாலும் விசை இறுக்கம், அல்லது முள் மழுக்கம்.

வீட்டிலேயே பழகிக்கொள்ளலாம். தாங்கியை மேசை ஓரத்தில் வைத்து, கோலை மாட்டி, நீங்கள் போடப்போகும் தூண்டிலையும் ஈயத்தையும் தொங்கவிடுங்கள். விசை அதைத் தாங்க வேண்டும். பிறகு சிறிய ஈயங்களை ஒவ்வொன்றாகச் சேருங்கள். மென்மையாகக் கவ்வும் பெர்ச் மீனுக்கு நான் கூடுதலாக ஒன்றிரண்டு சிறு ஈயத்தில் விடுபடும்படி வைப்பேன். வால்ஐக்கு அதைவிடச் சற்று இறுக்கம். இழுப்பு நேர் கீழாகவே இருக்கட்டும், பக்கவாட்டில் இழுத்துப் பார்த்தால் கணக்கு தப்பும்.

கோல் வளைந்திருக்கும்போது முகத்தை அதன் மேலே கொண்டுபோகாதீர்கள். நிமிர்ந்தால் கண்ணில்தான் படும்.

படி 6: வளைவும் டிராக்கும்

கிராப்பி (crappie) என்ற நன்னீர் மீனின் வாயோரம் காகிதம் போல மெல்லியது. வால்ஐக்கு வைத்த வளைவை அதற்கும் வைத்தால் கிழித்துக்கொண்டு வந்துவிடும், வளைவைக் குறையுங்கள். ரீலின் டிராக், அதாவது எவ்வளவு இழுத்தால் நரம்பு வெளியே ஓடும் என்பதைக் கட்டுப்படுத்தும் பிடி, கோல் நிமிரும் நொடியில் வழுக்கக் கூடாது. வழுக்கினால் இழுப்பு ரீலிலேயே கரைந்துவிடும். ஆனால் பெரிய மீன் ஓடினால் நரம்பு விட்டுக்கொடுக்க வேண்டும். நரம்பைக் கையில் பிடித்துச் சட்டென்று சுண்டிப் பாருங்கள்: அசையக் கூடாது. பிறகு அழுத்தி இழுங்கள்: மெதுவாக ஓட வேண்டும். தாங்கியை ஒரு கயிற்றால் கட்டிவைப்பதும் நல்லது. துளைக்குள் கோல் போவதைப் பார்ப்பது சுகமான காட்சி அல்ல.

படி 7: துளையைக் கவனியுங்கள்

துளையில் மெல்லிய பனித்தோல் படர்ந்தால் நரம்பு அதில் ஒட்டிக்கொள்ளும். மீன் கீழே இழுப்பது விசைக்குத் தெரியவே தெரியாது. ஜல்லிக் கரண்டி போன்ற நீளக் கரண்டியால் அவ்வப்போது பனித்தோலை அள்ளி எடுங்கள். துளைக்கு ஒரு மூடி போட்டால் இன்னும் நல்லது. வளையங்களில் உறைந்த பனியையும் விரலால் உருவி எடுங்கள்.

கருவியால் பிடிக்க முடியாத கடி ஒன்றும் உண்டு. கிராப்பி இரையைக் கவ்விக்கொண்டு மேலே ஏறும். கீழே இழுத்தால்தான் விசை அசையும். மேலே வந்தால் நரம்பு தொய்ந்து வளையும், அவ்வளவுதான். திடீரென்று நரம்பு தளர்ந்து கிடப்பதைப் பார்த்தால், கோலை விசையிலிருந்து கழற்றிக் கையில் எடுத்து, தொய்வைச் சுற்றிவிட்டு நீங்களே சுண்டுங்கள்.

படி 8: நிமிர்ந்த பிறகு

ஓடாதீர்கள், பனிக்கட்டி வழுக்கும். ஆனால் அசட்டையாகவும் இருக்காதீர்கள். நரம்பு தளர்ந்தால் மீன் தலையை உதறி முள்ளைக் கழற்றிவிடும். கோலை எடுத்தபடியே ரீலைச் சுற்றுங்கள். கனம் தெரிந்தால் மறுபடி வெடுக்கென்று இழுக்க வேண்டாம், கருவி அந்த வேலையை முடித்துவிட்டது. மீனின் தலை துளைக்குள் நுழையும் நேரத்தில் நரம்பு பனிக்கட்டியின் கீழ் விளிம்பில் உரசாமல், கோல் நுனியைத் துளையின் நடுவில் வைத்துக்கொள்ளுங்கள். தலை தெரிந்ததும் ஒரு கையை ஈரமாக்கிக்கொண்டு, துளைக்குள் விட்டு மீனைப் பிடியுங்கள்.