விசுவாசப் பிரமாணத்தின் முதல் வரியை வீட்டில் கைக்கொள்வது எப்படி?

ஞாயிறு ஆராதனையில் சபையார் எழுந்து நின்று, கிறிஸ்தவ நம்பிக்கையின் சுருக்கமான அறிக்கையாகிய விசுவாசப் பிரமாணத்தைச் சொல்லும்போது, வானத்தையும் பூமியையும் படைத்த பிதாவைப் பற்றிய முதல் வரி சில நொடிகளில் முடிந்துவிடுகிறது. பாவம், மீட்பு, நித்திய ஜீவன் ஆகியவற்றைப் பற்றி வாரம் முழுவதும் பேசுகிற நாம், சிருஷ்டிப்பை மட்டும் ஞாயிறு பள்ளியின் படங்களுக்கும், உலகின் வயது என்ன என்ற விவாதத்துக்கும் விட்டுவிட்டோம். ஆனால் அந்த வரியைச் சொல்கிறவர், தாம் எதற்கும் சொந்தக்காரர் அல்லர், தாமும் உண்டாக்கப்பட்டவர்களில் ஒருவரே என்று ஒப்புக்கொள்கிறார். அந்த ஒப்புதலை அடுக்களைக்கும் வேலைக்கும் உறக்கத்துக்கும் கொண்டுபோவதற்கான வழிகளை, தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்களை மனத்தில் வைத்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் வாசிப்பு. வேதத்தின் முதல் நூலான ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்தையும், ஏழாம் நாளைச் சொல்லும் இரண்டாம் அதிகாரத்தின் முதல் மூன்று வசனங்களையும் ஒரே மூச்சில் வாசித்துவிடாமல், நாளுக்கு ஒரு நாள் என ஏழு இரவுகளாகப் பிரித்து, குடும்ப ஜெபத்தில் வாசியுங்கள். கையில் ஒரு பென்சில் இருக்கட்டும். தேவன் சொல்கிறார், பிரிக்கிறார், பெயரிடுகிறார், ஆசீர்வதிக்கிறார், நல்லது என்று காண்கிறார். இந்த வினைச்சொற்களை அடிக்கோடிட்டால் அந்தப் பகுதியின் கட்டமைப்பு தானாகத் தெரியவரும். முதல் மூன்று நாள்களில் இடங்கள் உண்டாகின்றன. அடுத்த மூன்று நாள்களில் அந்தந்த இடங்கள் அதே வரிசையில் நிரப்பப்படுகின்றன. கத்தோலிக்கர் இதே நூலைத் தொடக்கநூல் என்ற பெயரில் வாசிக்கிறார்கள். சொற்கள் வேறானாலும் வரிசை ஒன்றுதான்.

நான்காம் நாளில் சற்று நில்லுங்கள். சூரியன், சந்திரன் என்ற பெயர்களையே அந்தப் பகுதி சொல்வதில்லை. 'பெரிய சுடர்', 'சிறிய சுடர்' என்று மட்டும் சொல்லிக் கடந்துபோகிறது. சுற்றிலும் வாழ்ந்த மக்கள் தெய்வங்களாக வணங்கியவற்றை இந்த நூல் விளக்குகளாகத் தொங்கவிடுகிறது. இதற்கும் நம் வீட்டுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. ஆலயத்தில் ஓலை வாசித்துத் திருமணத்தை அறிவிக்கும் கிறிஸ்தவக் குடும்பங்களிலேயே, நாள் குறிக்கும்போது நாட்காட்டியின் ஓரத்தில் ராகு காலத்தையும் எமகண்டத்தையும் கள்ளப் பார்வை பார்க்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. பிறர் நம்பிக்கையைக் குறை சொல்வது என் நோக்கமன்று. படைத்தவரை விசுவாசிக்கிறேன் என்று சொன்ன வாயால், அவர் படைத்த விளக்குகளுக்கு அஞ்சத் தேவையில்லை என்பதே செய்தி. அடுத்த முறை வீட்டில் ஒரு நல்ல காரியத்துக்கு நாள் குறிக்கும்போது, விருந்தினருக்கும் சமையற்காரருக்கும் வசதியான நாளைப் பார்த்துக் குறியுங்கள். அந்தச் சிறிய துணிவே இந்த விசுவாசத்தின் முதல் பயிற்சி.

அறிவியலோடு மோதல் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆறு நாள்களையும் 24 மணி நேர நாள்களாகவே கொள்கிற கிறிஸ்தவர்கள் உண்டு. அப்படிக் கொள்ளாதவர்களும் உண்டு. அந்த நாள்கள் நம்முடைய நாள்களைப் போன்றவையா என்ற கேள்வியைப் பழைய திருச்சபையின் போதகரான அகுஸ்தீன் 5ஆம் நூற்றாண்டிலேயே எழுப்பிவிட்டார். பிரபஞ்சம் விரிவடைகிறது என்று 1927இல் கட்டுரை எழுதிய பெல்ஜியம் நாட்டு ஜார்ஜ் லெமேத்ர் ஒரு கத்தோலிக்கக் குரு. இந்த விவாதத்தை முடித்துவிட்டுத்தான் வாழத் தொடங்கவேண்டும் என்றால் யாரும் தொடங்கமுடியாது.

அடுத்தது உறக்கம். 'சாயங்காலமும் விடியற்காலமும் ஆகி' என்று ஒவ்வொரு நாளும் மாலையிலேயே தொடங்குவதாக ஆதியாகமம் எண்ணுகிறது; யூதர்கள் இன்றும் ஓய்வுநாளை வெள்ளி மாலையில் தொடங்குகிறார்கள். நாம் காலையில் எழுந்து வேலையைத் தொடங்கி, களைத்துப்போன பின்பு மிச்ச நேரத்தில் உறங்குகிறோம். இந்த எண்ணத்தைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். இரவு உணவுக்குப் பின் ஒரு நேரத்தைக் குறித்து, கைப்பேசியை வேறு அறையில் வைத்துவிட்டு, 127ஆம் சங்கீதத்தின் முதல் இரண்டு வசனங்களைச் சொல்லிப் படுங்கள். நீங்கள் கண்மூடியிருக்கும் ஏழு மணி நேரமும் வயலில் பயிர் வளர்கிறது, குழந்தையின் எலும்பு வளர்கிறது, உங்கள் காயம் ஆறுகிறது. இவற்றில் ஒன்றுக்கும் உங்கள் மேற்பார்வை தேவைப்படவில்லை. கவலையால் உறக்கம் வராதவர்களுக்கு இது மருந்து என்று நான் சொல்லமாட்டேன். தேவைப்பட்டால் மருத்துவரைப் பார்ப்பதும், உடலைப் படைத்தவருக்குச் செலுத்தும் மரியாதைதான்.

இனி சாப்பாடு. 'எல்லாவற்றுக்காகவும் ஸ்தோத்திரம்' என்ற ஜெபம் பிழையானதன்று, ஆனால் அது எதையும் பார்க்காமல் சொல்லப்படுகிற ஜெபம். சீர்திருத்தவாதி மார்ட்டின் லுத்தர் 1529இல் வெளியிட்ட சிறிய ஞானோபதேசம் என்னும் விசுவாசப் பாடநூலில், பிரமாணத்தின் முதல் வரிக்குப் பொருள் எழுதும்போது கண், காது, உடை, காலணி, உணவு, வீடு, நிலம், கால்நடை என்று பட்டியல் போடுகிறார். 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்க் வழியாக அந்தப் பாடம் தமிழுக்கும் வந்தது. அந்த முறையைப் பின்பற்றி, தட்டில் இருப்பவற்றில் மூன்றைப் பெயர் சொல்லி நன்றி செலுத்துங்கள். பொன்னி அரிசியைச் சொல்லும்போது அதை நாற்று நட்டவரையும், உப்பைச் சொல்லும்போது தூத்துக்குடி உப்பளத்தில் வெயிலில் நிற்பவரையும் நினைக்கவேண்டியிருக்கும். பிள்ளைகளிடம் இந்த வேலையைக் கொடுத்தால், நாம் கவனிக்காத கறிவேப்பிலையையும் அவர்கள் சொல்லிவிடுவார்கள்.

நன்றியைக் கையால் செய்வதற்கு நம்மிடம் ஏற்கெனவே ஒரு பழைய வழி இருக்கிறது: கைப்பிடி அரிசி. உலைக்கு அரிசி அளந்தபின், களைவதற்கு முன், அளந்ததிலிருந்து ஒரு பிடி எடுத்து அருகிலுள்ள தகர டப்பாவில் போடுவார்கள். ஞாயிறன்று அது ஆலயத்துக்குப் போகும். இதில் முக்கியமானது அந்த 'முன்' என்ற சொல். சமைத்து உண்டு மிஞ்சியதைக் கொடுப்பது வேறு. பசியோடு இருக்கும்போதே, பானையில் விழவேண்டிய அரிசியிலிருந்து எடுப்பது வேறு. அந்த ஒரு பிடியில், முழு மூட்டையும் பெற்றுக்கொள்ளப்பட்டது என்ற ஒப்புதல் இருக்கிறது. டப்பாவை அரிசிப் பாத்திரத்துக்குப் பக்கத்திலேயே வையுங்கள். மேல்தட்டில் வைத்தால் இரண்டாம் வாரம் மறந்துபோகும். அரிசியை வாங்கும் பழக்கம் உங்கள் சபையில் இல்லையென்றால், மாதக் கடைசியில் அதை உங்கள் தெருவிலேயே தேவைப்படுகிற வீட்டுக்குக் கொடுத்துவிடலாம்.

வேலையைப் பற்றிப் பேசும்போது பலரும் 'பூமியை ஆண்டுகொள்ளுங்கள்' என்ற வசனத்தோடு நின்றுவிடுகிறார்கள். அது ஆதியாகமத்தின் முதல் அதிகாரம். இரண்டாம் அதிகாரத்தின் 15ஆம் வசனத்தையும் சேர்த்து வாசிக்கவேண்டும்: மனிதன் தோட்டத்தில் வைக்கப்பட்டது அதைப் 'பண்படுத்தவும் காக்கவும்'. அந்த இரண்டு எபிரெய வினைச்சொற்களையே எண்ணாகமம் 3ஆம் அதிகாரம் இஸ்ரவேலரின் வழிபாட்டிடமான ஆசரிப்புக் கூடாரத்தில் லேவியர் என்ற கோத்திரத்தார் செய்யும் ஊழியத்துக்கும் பயன்படுத்துகிறது. முள்ளும் குருக்கும் மனிதனின் மீறுதலுக்குப் பிறகு வந்தவை. வேலை அதற்கு முன்பே இருந்தது. நியாயப்பிரமாணமும் இந்த ஆளுகைக்கு எல்லை போடுகிறது: முற்றுகைக் காலத்திலும் கனிமரத்தை வெட்டக்கூடாது, போரடிக்கிற மாட்டின் வாயைக் கட்டக்கூடாது, ஏழாம் வருஷம் நிலத்தைச் சும்மா விடவேண்டும்.

ஆகவே உங்கள் பொறுப்பில் இருக்கும் ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள்: ஒரு கிணறு, ஒரு வரப்பு, வாடிக்கையாளரின் கணக்குப் புத்தகம், வாசலில் நிற்கும் வேப்பமரம், எதுவானாலும் சரி. அதைப் பற்றி இரண்டு கேள்விகளையும் கேளுங்கள்: இதிலிருந்து என்ன விளையச் செய்கிறேன், இதில் எதைக் கெடாமல் காக்கிறேன்? முதல் கேள்விக்கு மட்டும் பதில் இருந்தால் பாதி வேலைதான் நடந்திருக்கிறது. சபைகளுக்கும் இது பொருந்தும். அறுப்பின் பண்டிகையில் விளைச்சலுக்காக ஸ்தோத்திரம் பாடிவிட்டு, மறுநாள் ஆலய வளாகமெங்கும் பிளாஸ்டிக் குவளைகளைக் காற்றில் பறக்கவிடுவது எனக்குப் பிடிபடாத முரண். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்கைத் தமிழக அரசு 2019 ஜனவரி 1 முதல் தடைசெய்துவிட்டது. அசனம் என்னும் சபை விருந்துக்கு வாழையிலையும் சில்வர் தம்ளரும் போதும்.

இதுவரை சொன்னவை எளியவை. மனிதர் தேவசாயலாகப் படைக்கப்பட்டவர்கள் என்ற போதனைதான் நம்மிடையே அதிகம் அடிபட்டுக் கிடக்கிறது. தரித்திரனை ஒடுக்குகிறவன் அவனை உண்டாக்கினவரையே நிந்திக்கிறான் என்று நீதிமொழிகள் 14:31 சொல்கிறது. சபைகளில் சாதி வேற்றுமை ஒழியவேண்டும் என்று கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் 1833இல் சுற்றறிக்கை அனுப்பியபோது, வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் கிறிஸ்தவர்களிடமிருந்தே கடும் எதிர்ப்பு எழுந்தது. ஏறக்குறைய 200 ஆண்டுகள் ஆகியும், சாதிக்கொரு கல்லறைத் தோட்டமும், சாதி குறிப்பிட்ட மணமகன் தேவை விளம்பரமும் நம்மை விட்டுப் போகவில்லை.

இதற்கு வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. ஒரு வாரம் முழுவதும், உங்கள் வாசலுக்கு வருகிற ஒவ்வொருவரையும் எப்படி அழைக்கிறீர்கள் என்று கவனியுங்கள். வங்கி அதிகாரிக்கு 'வாங்க, உட்காருங்க' என்றும், குப்பை எடுக்க வருகிற, உங்களைவிட மூத்த பெண்மணிக்கு 'இந்தா, இங்க வா' என்றும் உங்கள் நாக்கு தானாக மாறுகிறதா? வேலைக்கு வருபவருக்கென்று தனித் தம்ளர் ஒன்று அடுக்களையின் மூலையில் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கிறதா? அந்தத் தம்ளரை மற்றவற்றோடு கலந்து வையுங்கள்; எது யாருடையது என்று வீட்டாருக்கே தெரியாமல் போகும்வரை கலந்து வையுங்கள். அந்தப் பெண்மணிக்கு 'வாங்கம்மா' என்று சொல்லிப் பழகுங்கள். முதல் இரண்டு நாள் நாக்கு இடறும்.

ஓய்வுநாளுக்கு வேதம் இரண்டு காரணங்களைச் சொல்கிறது. யாத்திராகமம் 20ஆம் அதிகாரத்தில் காரணம் சிருஷ்டிப்பு. உபாகமம் 5ஆம் அதிகாரத்தில் காரணம் எகிப்தில் அடிமைப்பட்டிருந்த நினைவு. இரண்டு இடத்திலும் வேலைக்காரரும் மிருகங்களும் ஓய வேண்டும் என்று சேர்த்தே சொல்லப்பட்டிருக்கிறது. நம் ஞாயிற்றுக்கிழமையோ, ஆராதனைக்கு முன்பே எழுந்து மசாலா அரைத்து, திரும்பி வந்ததும் பிரியாணிக்குத் தம் போடுகிற அம்மாக்களின் தோளில் நிற்கிறது. சனிக்கிழமை வைத்த மீன்குழம்பு ஞாயிறன்று இன்னும் ருசியாகவே இருக்கும். சோறு வடிப்பதையும் பாத்திரம் கழுவுவதையும் வீட்டிலுள்ள ஆண்கள் எடுத்துக்கொள்ளட்டும்.

எல்லாம் நன்றாயிருந்தது என்று வாசிக்கிற நமக்கு, எல்லாம் நன்றாக இல்லை என்பதும் தெரியும். 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஒரு ஞாயிறு. வேளாங்கண்ணியிலும் குளச்சலிலும் சுனாமியாகக் கடல் உள்ளே வந்த காலை அது. அத்தகைய இழப்பு நேர்ந்த வீட்டுக்குப் போகும்போது 'தேவ சித்தம்' என்றோ 'தண்டனை' என்றோ சொல்லாதிருப்பதும் சிருஷ்டிப்பின் விசுவாசத்தைச் சேர்ந்ததே. வேதத்தில் எல்லாவற்றையும் இழந்து துன்புற்ற யோபுவின் நண்பர்கள் உருப்படியாகச் செய்தது, முதல் ஏழு நாளும் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்ததுதான். வாய் திறந்த பிறகு அவர்கள் சொன்னவற்றைத் தேவனே கடிந்துகொண்டார். யோபுவுக்கும் காரணம் சொல்லப்படவில்லை. மழையையும் காட்டுக் கழுதையையும் கழுகையும் காட்டி, அவனுக்குத் தெரியாத உலகம் முழுவதையும் தேவன் அவன் முன் விரித்தார். அந்த அதிகாரங்களை, 38 முதல் 41 வரை, நீங்கள் நலமாக இருக்கும் காலத்திலேயே வாசித்துப் பழகுங்கள். துக்க வீட்டில் உரக்க வாசிப்பதற்காக அல்ல.

இவை அனைத்தையும் ஒரே வாரத்தில் தொடங்கவேண்டாம். வாசிப்பும் கைப்பிடி அரிசியும் முதல் மாதத்துக்குப் போதும். இரண்டாம் மாதத்தில் தம்ளரையும் ஞாயிற்றுச் சமையலையும் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் சபையில் அறுப்பின் பண்டிகை எப்போது என்று கேட்டு, அதற்குமுன் ஏதேனும் ஒன்றை உங்கள் கையால் வளர்த்துவிடுங்கள். அடுக்குமாடியின் பால்கனித் தொட்டியில் வெண்டைக்காய் காய்க்கும். பண்டிகையன்று காணிக்கைப் பொருள்களை விடும் ஏலத்தில் வாழைத்தாருக்கும் கோழிக்கும் நடுவே, அந்த நான்கு வெண்டைக்காயையும் கூச்சப்படாமல் வையுங்கள்.