நாட்டுக்கோழி: திறக்கும்போது ஒரு பார்வை, அடைக்கும்போது ஒரு பார்வை

வீட்டுக்குப் பின்னாடி பத்து பதினஞ்சு நாட்டுக்கோழி வச்சிருக்கவங்க நிறைய பேரு அது பாட்டுக்கு மேயும், அது பாட்டுக்கு அடையும், நாம என்ன பண்ணணும்னு விட்டுடறாங்க, அப்புறம் மாசி பங்குனில வெள்ளைக்கழிச்சல் நோய் வந்து ஒரே வாரத்துல கூடு காலியாயிடுது. நாள் முழுக்க கோழி பின்னாடி சுத்த வேண்டாம், ஆனா காலைல திறந்து விடும்போதும் சாயங்காலம் அடைக்கும்போதும் கண்டிப்பா நின்னு பார்க்கணும்.

காலைல கதவைத் திறந்ததும் தீனிய வீசிட்டு உள்ள போயிடாதீங்க. எது முண்டியடிச்சு வருது, எது கடைசில வருதுன்னு பாருங்க. றெக்கையத் தொங்க போட்டுக்கிட்டு, முடிய சிலுப்பிக்கிட்டு, கண்ண மூடி மூலைல நிக்கிற கோழிய அப்பவே தூக்கி தனிக்கூண்டுல போடுங்க, சாயங்காலம் பார்த்துக்கலாம்னா அதுக்குள்ள எல்லாம் ஒரே தண்ணிய குடிச்சு முடிச்சிருக்கும்.

அடுத்தது எச்சம். கெட்டியா, பழுப்பு கலந்த சாம்பல் நிறத்துல, மேல கொஞ்சம் வெள்ளை படிஞ்சிருந்தா சரியா இருக்குன்னு அர்த்தம். இடையிடையே களி மாதிரி பழுப்பா, நாத்தத்தோட ஒண்ணு ரெண்டு கிடக்கும், அது குருட்டுக்குடல்ல இருந்து வர்றது, பயப்படாதீங்க. பச்சையும் வெள்ளையுமா தண்ணியா போனா வெள்ளைக்கழிச்சலான்னு சந்தேகப்படணும். குஞ்சு எச்சத்துல ரத்தம் தெரிஞ்சா ரத்தக்கழிச்சல், கூட்டுத்தரை ஈரமா கிடந்தா வர்றது அது, மருந்து வாங்கணும், தரைல போட்ட உமிய மொத்தமா மாத்தணும்.

வெள்ளைக்கழிச்சல பத்தி கொஞ்சம் விரிவாவே சொல்லணும், கோழிய கூட்டத்தோட கொண்டுபோறது அதுதான். அது வைரஸ், வந்துட்டா மருந்து கிடையாது, மெடிக்கல்ல கேப்சூல் வாங்கி பிரிச்சு தண்ணில கலந்து கொடுக்கிறதால வைரஸ் சாகாது. தடுப்பூசி ஒண்ணுதான் வழி. குஞ்சு பொரிச்ச 7வது நாள் கண்ணுலயோ மூக்குலயோ ஒரு சொட்டு, நாலாவது வாரம் மறுபடி லசோட்டாங்கிற தடுப்பு மருந்து, 8வது வாரம் றெக்கைக்கு அடியில தோல்ல ஊசி. கால்நடை மருந்தகத்துல கேட்டா தேதி சொல்லுவாங்க, வழக்கமா பிப்ரவரி வாக்குல அரசு முகாமும் நடக்கும், அத விட்டுடாதீங்க. ஊசிக்கு ஒரு வாரம் முன்னாடி குடற்புழு மருந்து கொடுத்துட்டா ஊசி நல்லா வேலை செய்யும். தடுப்பூசி மருந்த ஐஸ் வச்ச பிளாஸ்க்லதான் எடுத்துட்டு வரணும், வெயில்ல சட்டைப்பைல போட்டுட்டு வந்தா அது வெறும் தண்ணி. கலக்கினத ரெண்டு மணி நேரத்துக்குள்ள போட்டு முடிங்க. நோய் பிடிச்ச கோழிக்கு போடாதீங்க, நல்லா இருக்கிறப்பவே போடணும்.

தண்ணிப்பாத்திரம் தினமும் தேய்ச்சு கழுவணும், பாசி பிடிச்ச சட்டிலேயே மேல மேல ஊத்துறவங்கதான் அதிகம். குஞ்சுக்கு வைக்கிற தட்டுல கூழாங்கல் போட்டு வைங்க, இல்லன்னா உள்ள விழுந்து நனைஞ்சே செத்துடும். கோழிக்கு வியர்க்காது, அதனால சித்திரை வைகாசில மதியம் வாயைத் திறந்து இளைக்கும், நிழல்ல ரெண்டு மூணு இடத்துல தண்ணி வைங்க.

தீனிக்கு பெருசா செலவு வேண்டாம். கம்பு, சோளம், குருணை, கீரைத்தண்டு, முருங்கை இலை போதும், முட்டையிடுற கோழிக்கு கிளிஞ்சல் தூள் கொஞ்சம். குஞ்சுக்கு கரையான மிஞ்சினது எதுவும் இல்ல: பழைய பானைக்குள்ள கிழிஞ்ச சாக்கு, காஞ்ச சாணி, ஓலைத்துண்டு போட்டு தண்ணி தெளிச்சு, கரையான் இருக்கிற மண்ணுல சாயங்காலம் கவுத்து வைங்க. காலைல எடுத்து தட்டினா பொலபொலன்னு கொட்டும், குஞ்சுங்க அடிச்சுக்கிட்டு தின்னும்.

சாயங்காலம் அடையிறப்போ எண்ணுங்க. ரெண்டு மூணு கோழிய கையில எடுத்து கழுத்துக்குக் கீழ இரைப்பைய தொட்டுப் பாருங்க, வயிறார மேஞ்ச கோழிக்கு அது உப்பலா இருக்கும், காலைல வத்திப்போயிருக்கணும், காலைலயும் கல்லு மாதிரி இருந்தா அடைச்சிருக்குன்னு அர்த்தம். அப்படியே றெக்கைக்கு அடிலயும் ஆசனவாய் பக்கத்துலயும் முடிய விலக்கிப் பாருங்க, பேன், செல்லுப்பூச்சி இருந்தா அங்கதான் ஊரும். அடுப்புச்சாம்பலும் மணலும் கலந்து குழில கொட்டி வச்சா அதுவே புரண்டு குளிச்சுக்கும்.

கொண்டைல, கண்ணோரத்துல பொறி பொறியா வந்தா அம்மை, கொசுவால பரவுறது. மஞ்சளும் வேப்பிலையும் அரைச்சு வேப்பெண்ணெய் கலந்து தடவுவாங்க, புண்ணு ஆற உதவும், ஆனா அதுக்கும் தடுப்பூசி இருக்கு, முன்கூட்டியே போட்டுக்கங்க.

இருட்டுறதுக்குள்ள கூடு பூட்டியாகணும். கீரியும் மரநாயும் சின்ன சந்துலயே நுழைஞ்சிடும், அதனால கம்பி வலைல கை போற இடம் இருந்தாக்கூட அடைங்க. பகல்ல குஞ்ச காப்பாத்த கவுத்து வைக்கிற பஞ்சாரக்கூடை போதும், பருந்து வட்டம் போட்டா தாய்க்கோழி கத்துற கத்துலயே தெரிஞ்சிடும்.

அடை வைக்கிறதுன்னா 10, 12 முட்டைக்கு மேல வேண்டாம், கோழியால மூட முடியாது. 7வது நாள் ராத்திரி செல்போன் டார்ச்ச முட்டைக்கு அடில பிடிங்க, நரம்பு ஓடி கருப்புப் புள்ளி தெரிஞ்சா கரு இருக்கு, வெளிச்சமா தெரிஞ்சா எடுத்துடுங்க. 21வது நாள் பொரிக்கும்.

சந்தைல புதுசா கோழி வாங்கினா நேரா கூட்டுல விடாதீங்க, ரெண்டு வாரமாவது தனியா, வேற தட்டுல தண்ணி தீனி வச்சு கவனிச்சுட்டு அப்புறம் சேருங்க. செத்த கோழிய வாய்க்கால்ல வீசாம ஆழமா தோண்டி சுண்ணாம்பு போட்டு புதைங்க, இல்லன்னா நாய் இழுத்துட்டுப்போய் பக்கத்து வீட்டுக் கோழிக்கும் பரப்பி விட்டுடும்.