வேதபாடக் குழு நடத்துகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சபையில் வேதபாடக் குழு ஒன்று தொடங்கும்; முதல் சில வாரம் அறை நிறையும். சில மாதங்களில் நடத்துகிறவரும் அவர் வீட்டாரும் வராமல் இருக்க மனம் வராத இரண்டொருவரும்தான் மிச்சம். "ஜனங்களுக்கு வாஞ்சை இல்லை" என்று சொல்லிவிடுகிறோம். வாஞ்சையோடு வந்தவர்கள்தான் அவர்கள். கோளாறு பெரும்பாலும் நடத்துகிற முறையில் இருக்கிறது. புதிதாகப் பொறுப்பெடுக்கிறவர்கள் ஒவ்வொருவரும் அதே இடங்களில்தான் சறுக்குகிறார்கள். நேரத்துக்குத் தொடங்குங்கள், ஜெபித்து ஆயத்தப்படுங்கள் என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்தது. அவற்றை இங்கே எழுதவில்லை.

எடுத்த எடுப்பில் ஒரு வருட அட்டவணை

66 புத்தகங்கள், 1,189 அதிகாரங்கள். ஒரே வருடத்தில் முடிக்க நாளுக்கு மூன்று, சில நாள் நான்கு அதிகாரம் வாசிக்க வேண்டும். ஆதியாகமம் கதையோட்டத்தில் ஓடிவிடும். நான்காவது வாரத்தில் யாத்திராகமம் 25 வரும். ஆசரிப்புக் கூடாரத்தின் அளவுகள், பலகைகள், கொக்கிகள். அடுத்து லேவியராகமம், 27 அதிகாரம். பழக்கமில்லாதவர் இங்கே இரண்டு நாள் விட்டால் ஆறு அதிகாரம் பாக்கி, ஐந்து நாள் விட்டால் பதினாறு. பிறகு குற்ற உணர்வில் வேதாகமத்தைத் திறக்கவே கூச்சப்படுவார்.

முதல் வருடத்துக்குப் புதிய ஏற்பாடு போதும். அதில் 260 அதிகாரங்கள். வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு ஒன்று என்றால் 52 வாரத்தில் முடியும். மீதி இரண்டு நாள் விட்டதைப் பிடிக்க. அதுவும் பாரமென்றால் மாற்கு சுவிசேஷத்தின் 16 அதிகாரங்களிலிருந்து தொடங்குங்கள்.

வேதபாடத்தை இரண்டாவது பிரசங்கமாக்குவது

மிகப் பெரிய இழப்பு இதில்தான். எத்தனை முறை சொன்னாலும் திரும்பத் திரும்ப நடக்கிறது. பார்க்கும்போது இன்றைக்கும் மனம் பொறுப்பதில்லை.

வழக்கமாக இப்படித்தான் நடக்கும். நாற்காலிகள் வரிசையாகக் கிடக்கும். நடத்துகிறவர் கையில் குறிப்போடு முன்னால் நிற்பார். பகுதி மாற்கு 4:35-41, ஆண்டவர் காற்றையும் கடலையும் அதட்டியது. ஒருவர் வேகமாக வாசித்து முடித்ததும், "இதன்மூலம் ஆண்டவர் நமக்கு என்ன போதிக்கிறார்?" என்று கேட்பார். எல்லாரும் தலையைக் குனிந்துகொள்வார்கள். மூன்று விநாடிகூட ஆகியிருக்காது. மௌனம் தாங்காமல் "நம் வாழ்க்கையிலும் புயல்கள் வரும்…" என்று அவரே ஆரம்பிப்பார். நாற்பது நிமிடம் போய்விடும். "யாருக்காவது சந்தேகம் உண்டா?" இருக்காது. முடிவு ஜெபம்.

"பிரயோஜனமா இருந்துச்சுங்க ஐயா" என்று சொல்லிவிட்டுத்தான் போவார்கள். அதனால் தவறு நடந்ததே தெரியாது. ஆனால் மறுநாள் அதே அதிகாரத்தைத் தனியாகத் திறந்தால் எங்கே தொடங்குவது, எதைப் பார்ப்பது என்று புரியாது. பவுல் சொன்னதையே வேதவாக்கியங்களோடு வைத்து ஆராய்ந்து பார்த்தார்கள் பெரோயா ஊரார் (அப்போஸ்தலர் 17:11). எல்லாவற்றையும் மென்று ஊட்டிவிடுகிற குழுவில் அந்தப் பழக்கம் வளர வழியே இல்லை. பத்து வருடம் வந்தவரும் "போதகர் அப்படிச் சொன்னார்" என்பதைத் தாண்ட மாட்டார்.

அந்த மௌனத்துக்குக் காரணம் கேள்விதான். "என்ன போதிக்கிறார்" என்பது வாசித்து, கவனித்து, யோசித்த பிறகு வர வேண்டிய கடைசிக் கேள்வி. அதை முதலில் கேட்டால், தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்று யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

முதலில், வசனத்தில் விரல் வைத்துக் காட்டக்கூடிய கேள்விகள் நான்கு. எந்த வேளையில் புறப்பட்டார்கள்? கூட வேறு படவுகள் இருந்தனவா? இயேசு படவில் எங்கே, என்ன செய்துகொண்டிருந்தார்? சீஷர்கள் அவரை எழுப்பி என்ன சொன்னார்கள்? அன்றுதான் முதல்முறை வந்தவரும் இதற்குப் பதில் சொல்லிவிடலாம். ஒருமுறை வாய் திறந்தவர் மறுபடியும் திறப்பார்.

அடுத்து, யோசிக்க வைப்பவை மூன்று. உதாரணமாக: "ஏன் இப்படிப் பயப்பட்டீர்கள்?" என்று 40-ஆம் வசனத்தில் கேட்கிறார். காற்று நின்றுபோன பிறகு, 41-இல், அவர்கள் எப்படி இருக்கிறார்கள்? தேடுவார்கள். "மிகவும் பயந்து" என்று இருக்கும். கடல் அமர்ந்துவிட்டதே, இப்போது யாரைக் கண்டு பயம்? இந்த இடத்தில் குழு தானாகப் பேச ஆரம்பிக்கும். வாழ்க்கைக்கான கேள்வி கடைசியில் ஒன்றே ஒன்று போதும். ஏழு வசனத்துக்கு எட்டுக் கேள்வி. அதற்குமேல் வைத்தால் ஓட்டம்தான் மிஞ்சும்.

கேள்வி கேட்டதும் மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். அப்போதும் பதில் வரவில்லையென்றால் கேள்வியைச் சிறிதாக்கிக் கேளுங்கள், பதிலை மட்டும் சொல்லாதீர்கள். யாராவது சொன்னதும் "கரெக்ட்" என்று முத்திரை குத்தினால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். "எந்த வசனத்தில் பார்த்தீர்கள்?" என்று கேளுங்கள், தவறான பதிலையும் வசனமே திருத்தும்.

75 நிமிடக் கூடுகை என்றால் விசாரிப்புக்கு 10, நிதானமாக இரண்டு முறை வாசிக்க 10, கலந்துரையாடலுக்கு 40, ஜெபத்துக்கு 15. நாற்பதில் உங்கள் குரல் பத்தைத் தாண்ட வேண்டாம். கலிலேயாக் கடல் கடல்மட்டத்துக்குச் சுமார் 200 மீட்டர் கீழே, மலைகளுக்கு நடுவே கிடக்கிறது, அதனால் திடீர்க் காற்று இறங்கும் என்பது போன்ற பின்னணியைச் சொல்ல அது தாராளம். நாற்காலிகளை வட்டமாகப் போட்டு நீங்களும் அதில் உட்காருங்கள்.

வசனத்தைத் தனியே பிடுங்குவது

"அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்ற எரேமியா 29:11 எல்லாருக்கும் மனப்பாடம். அதற்கு முந்தின வசனத்தில் பாபிலோனில் எழுபது வருஷம் என்று இருப்பது பலருக்குத் தெரியாது. "எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு" என்ற பிலிப்பியர் 4:13-ஐப் பரீட்சைக்கும் பந்தயத்துக்கும் சொல்கிறோம்; பவுல் அங்கே பேசுவது பட்டினியிலும் குறைவிலும் மனரம்மியமாயிருப்பதைப் பற்றி. குழுவில் யார் எந்த வசனத்தைச் சொன்னாலும் முன்னே ஐந்து, பின்னே ஐந்து வசனம் சேர்த்து வாசிக்கிற வழக்கத்தை வைத்துவிடுங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீரும்.

வட்டமாக ஆளுக்கொரு வசனம் வாசிக்கச் சொல்வது

சரளமாக வாசிக்க வராதவர் தன் முறை வருமுன்னே வியர்த்துப்போவார். அடுத்த வாரம் வர மாட்டார். ஏன் என்று சொல்லவும் மாட்டார். "யார் வாசிக்கிறீர்கள்?" என்று பொதுவாகக் கேளுங்கள். வாசிக்கத் தெரியாதவருக்கு ஒலி வேதாகமத்தைப் போனில் போட்டுக்கொடுங்கள். அந்தப் பகுதியைக் கேட்டுவிட்டு வந்து எல்லாரையும் போலப் பேசுவார்.

ஒருவரே பேசுவது

அவருக்கு எதிரே உட்காராமல் பக்கத்தில் உட்காருங்கள். பார்வை படாதபோது பேச்சு குறையும்.

எல்லாக் கேள்விக்கும் அங்கேயே பதில் சொல்வது

பதில் தெரியாதபோது "தெரியவில்லை, பார்த்துச் சொல்கிறேன்" என்று சொல்லுங்கள். அடுத்த வாரம் முதல் வேலையாகப் பதிலைச் சொல்லிவிடுங்கள்.

குழுவில் பகிர்ந்ததை "ஜெபக் குறிப்பு" என்று வெளியே கொண்டுபோவது

ஒருமுறை நடந்தால் அந்தக் குழு முடிந்தது.

நன்றாகப் போகிறது என்று பிரிக்காமல் விடுவது

ஆறிலிருந்து பத்துப் பேர் சரியான அளவு. பன்னிரண்டைத் தாண்டினால் நான்கு பேர் பேசுவார்கள், மற்றவர்கள் கேட்பார்கள். பிரிக்க வேண்டிய நாளில் ஆள் தேடினால் கிடைக்காது. முதல் மாதத்திலேயே ஒருவரைத் துணைக்குச் சேர்த்துக்கொள்ளுங்கள். முதலில் கேள்விகளை உங்களோடு உட்கார்ந்து எழுதட்டும். பிறகு மாதம் ஒருமுறை அவர் நடத்த, நீங்கள் வாய் திறக்காமல் உட்காருங்கள். முடிந்ததும் தனியாக அழைத்து, எந்தக் கேள்விக்குக் குழு பேசியது, எதற்கு மௌனமாயிருந்தது என்று பத்து நிமிடம் பேசுங்கள். ஆறு மாதத்தில் பாதிப் பேரை அவரிடம் ஒப்படைக்கலாம்.