தடையாணை வந்துவிட்டது, பிள்ளை யாரிடம்?

கனடாவின் ஒன்ராறியோவுக்கு வந்த கையோடு குடும்பம் பிரிந்தால் கையில் இரண்டு வகைக் கடுதாசிகள் சேரும். ஒன்று குடும்ப நீதிமன்றம் தருகிற தடையாணை. மற்றது பொலிஸ் வழக்குப் போட்டதும் வருகிற பிணை நிபந்தனை. இரண்டிலும் கிட்டப் போகாதே, பேசாதே என்றுதான் இருக்கும். ஆனால் நீதிமன்றங்கள் வேறு; ஒன்று முடிந்தாலும் மற்றது தானாக முடியாது.

தடையாணை கேட்க உடம்பில் காயம் இருக்கவேண்டும் என்றில்லை. தனக்கோ தன் பொறுப்பிலுள்ள பிள்ளைக்கோ ஆபத்து வரும் என்று பயப்பட நியாயமான காரணம் காட்டவேண்டும். கல்யாணத்தை எழுத்துப் பதியாமல் சேர்ந்து வாழ்ந்தவர்களும் கேட்கலாம். அவசரமென்றால் மற்றவருக்கு அறிவிக்காமலே நீதிபதி ஆணை போடலாம். அப்படிப் போட்டால் 14 நாளுக்குள் வழக்கு மறுபடி எடுக்கப்படும். மற்றவர் தன் பக்கத்தைச் சொல்ல அதுதான் வாய்ப்பு. கோபத்தில் போகாமல் விடுவது சுத்த முட்டாள்தனம்.

சரி, பிள்ளை? தடையாணை வந்ததாலேயே பெற்றோர் என்ற உரிமை போய்விடாது. ஆணையில் பிள்ளையின் பெயரும் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் பிள்ளையோடு இருக்கும் நேரத்தை வேறு ஆணைதான் தீர்மானிக்கும். 2021 மார்ச்சில் திருத்தம் நடைமுறைக்கு வந்த விவாகரத்துச் சட்டம், பிள்ளையின் நலனைப் பார்க்கும்போது குடும்ப வன்முறையையும் கணக்கில் எடுக்கச் சொல்கிறது. அடி மட்டுமல்ல, மிரட்டுவது, காசைக் கட்டுப்படுத்தி அடக்கி வைப்பது, பிள்ளை பார்க்கக் கேட்க நடந்த சண்டை எல்லாம் அதில் வரும். அதற்காகப் பிள்ளையைக் காட்டவே மாட்டார்கள் என்றில்லை. மேற்பார்வை நிலையத்தில் சந்திக்கவோ, மூன்றாம் ஆள் மூலம் பிள்ளையைக் கைமாற்றவோ ஆணை வரலாம்.

எங்கள் ஆட்கள் அதிகம் மாட்டிக்கொள்வது வேறு இடத்தில். நேரடியாகவோ மறைமுகமாகவோ தொடர்பு கூடாது என்று ஆணையில் இருந்தால், சமாதானம் பேச மாமாவை அனுப்புவதும், அக்காவின் வாட்ஸப்பில் சேதி சொல்லிவிடுவதும் மீறல்தான். ஆணை வாங்கியவரே போன் எடுத்து "பிள்ளை கேட்குது, வாங்கோ" என்று கூப்பிட்டாலும் போகக்கூடாது, சிக்குவது போனவர்தான். ஆணையை மாற்ற நீதிபதியால் மட்டுமே முடியும். மீறினால் குற்ற வழக்கு, பிடியாணை இல்லாமலே கைது, இரண்டு ஆண்டு வரை சிறை.

உங்களைக் கனடாவுக்கு ஸ்பொன்சர் செய்த துணை "உன் பீஆரை வெட்டிவிடுவேன்" என்று வெருட்டினால் நம்பவேண்டாம். பீஆர் என்கிற நிரந்தர வதிவுரிமை கிடைத்தபின் அதை அவரால் பறிக்க முடியாது. துணையோடு இரண்டு வருடம் சேர்ந்து வாழவேண்டும் என்றிருந்த நிபந்தனையும் 2017இல் நீக்கப்பட்டுவிட்டது.

வன்முறைக்கு ஆளானவர்கள், ஒன்ராறியோ சட்ட உதவி அமைப்பில் வக்கீலுடன் இரண்டு மணிநேர இலவச ஆலோசனை கேட்கலாம். எங்கே தொடங்குவதென்று தெரியாவிட்டால் சமூக சேவைகளுக்கு வழிகாட்டும் 211 என்ற எண்ணுக்குப் போன் அடியுங்கள். அப்புறம், ஆணையின் பிரதி ஒன்றைப் பள்ளிக்கூட அலுவலகத்தில் கொடுத்து வையுங்கள். கடுதாசியைக் காட்டாமல், பெற்றோரில் ஒருவரிடம் பிள்ளையை விடாதீர்கள் என்று வாயால் மட்டும் சொன்னால், பள்ளிக்கூடத்தாரால் மறிப்பது கஷ்டம்.