அமெரிக்கக் கிறிஸ்தவ வானொலியைப் பிரித்துக் கேட்பது எப்படி?

கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வாலிபர் கூட்டத்துக்கு வரும் தம்பி தங்கைகள் இப்போது செல்போனிலேயே அமெரிக்கக் கிறிஸ்தவ வானொலி கேட்கிறார்கள். தாராளமாகக் கேளுங்கள், நானும் கேட்கிறேன். ஆனால் அங்கே வேதமும் அரசியலும் ஒரே மூச்சில் வரும். நம் காதுக்கு அந்தப் பழக்கம் கிடையாது. இங்கே மத அமைப்புகளுக்கு எஃப்எம் உரிமமே இல்லை. தனியார் எஃப்எம் சொந்தமாகச் செய்தி தயாரிக்கவும் முடியாது. அமெரிக்காவிலோ, சர்ச்சையான விஷயத்தில் எதிர்த்தரப்புக்கும் இடம் தர வேண்டும் என்ற விதியை 1987-லேயே கைவிட்டுவிட்டார்கள். ஒரு பக்கத்தை மட்டும் நாள் முழுக்கப் பேசலாம்.

ஒரு நோட்டை எடுத்து, பக்கத்தின் நடுவே கோடு போடுங்கள். இடப்பக்கம் வசனம், அதிகார எண்ணோடு. வலப்பக்கம் பேசுகிறவர் தாமாகச் சேர்த்தது: சட்டம், கோர்ட், பள்ளிக்கூடம், தேர்தல். வலப்பக்கம்தான் நிறைந்திருக்கிறது என்றால் அன்று கேட்டது அரசியல் பேச்சு. கேட்பதில் தப்பில்லை, அரசியல் என்று தெரிந்து கேளுங்கள்.

பிறகு வலப்பக்க வரி ஒவ்வொன்றையும் "இது எந்த ஊர் சமாச்சாரம்?" என்று கேளுங்கள். இதில் அவசரம் வேண்டாம். "பள்ளியிலிருந்து ஜெபத்தை எடுத்துவிட்டார்கள்" என்பது அடிக்கடி காதில் விழும். அது 1962-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு. நியூயார்க் அரசுப் பள்ளிகளில் அரசே எழுதிக்கொடுத்த ஜெபம் கூடாது என்றது. மாணவன் தானாக ஜெபிப்பதை அது தடுக்கவில்லை. நம் நாட்டில் சிறுபான்மையினர் பள்ளி நடத்தும் உரிமையை அரசமைப்பின் 30-வது பிரிவே தருகிறது. மிஷன் பள்ளியில் படித்து வளர்ந்த கடலூர்ப் பிள்ளைகள் அந்தப் பயத்தை ஏன் இரவல் வாங்க வேண்டும்?

குடும்பம், குழந்தை வளர்ப்பு என்று ஆரம்பித்தால் இன்னும் கவனம். ஜேம்ஸ் டாப்சன் ஓர் அமெரிக்க உளவியலாளர். 1977-ல் ‘ஃபோகஸ் ஆன் தி ஃபேமிலி’ என்ற குடும்ப ஆலோசனை வானொலி ஊழியத்தைத் தொடங்கினார். பிள்ளைகளைக் கண்டிப்பது பற்றி அவர் சொன்னதை நம்பிக் கேட்ட தாய்மார்களே, பின்னாளில் சட்டமன்ற உறுப்பினர்களுக்குப் போன் போடும் படையானார்கள். அந்த நம்பிக்கை அவர் பல வருடமாகச் சம்பாதித்தது. அதனால்தான் அதற்கு அவ்வளவு பலம்.

வேட்பாளர் பெயர் வரவில்லையே என்று ஏமாந்துவிடாதீர்கள். வரிவிலக்கு பெற்ற சபைகளும் ஊழியங்களும் யாருக்கும் ஓட்டு கேட்கக் கூடாது என்று அங்கே 1954 முதல் சட்டம் இருக்கிறது. பெயரை விட்டுவிட்டு, கொள்கைகளை வரிசையாகச் சொன்னால் ஆள் யாரென்று கேட்பவருக்குப் புரிந்துவிடும்.

கேட்ட ஆடியோவைச் சபை வாட்ஸ்அப் குழுவில் போடும் முன் நோட்டைத் திறந்து பாருங்கள். வலப்பக்கத்தில் நம் ஊருக்குப் பொருந்துவது ஒன்றும் இல்லையென்றால், இடப்பக்க வசனத்தை மட்டும் தட்டச்சு செய்து அனுப்புங்கள். ஆடியோ வேண்டாம்.