எஷரின் பூச்சிகள்: பார்ப்பதிலும் பயன்படுத்துவதிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோயமுத்தூர், திருப்பூர் பக்கம் டிசைன் படிக்கிற பிள்ளைகளிடம் நெதர்லாந்து அச்சு ஓவியர் எம்.சி. எஷர் பேரைச் சொன்னால், முடிவில்லாமல் ஏறிக்கொண்டே இருக்கும் அந்தப் படிக்கட்டுதான் ஞாபகம் வரும். அவருடைய பூச்சிகளைக் கண்டுகொள்கிறவர்கள் குறைவு, கண்டுகொண்டவர்களும் "கனவு மாதிரி இருக்கு, எல்லாம் கற்பனை" என்று தாண்டிப் போய்விடுகிறார்கள். பெரிய தவறு இதுதான்.

1935இல் அவர் செய்த 'கனவு' என்ற அச்சை எடுத்துக்கொள்ளுங்கள். வளைவு மண்டபம், அதில் கல்லறைமேல் படுத்திருக்கும் ஒரு பிஷப்பின் சிலை, சிலையின் மேல் ஏறி நிற்கும் பிரமாண்டமான கும்பிடுபூச்சி. பூச்சியை மட்டும் தனியாகப் பாருங்கள்: முன்னங்கால் மடிப்பும் நீண்ட உடம்பும் நம் தோட்டத்துச் சோளத்தட்டில் உட்கார்ந்திருப்பதைப் போலவே இருக்கும். தூண்களும் சரியாகவே இருக்கின்றன. மாறியிருப்பது பூச்சியின் அளவு ஒன்றுதான், பார்க்கிறவருக்கு வயிற்றைக் கலக்குவதும் அதுதான். இதை வைத்து அவரை, கனவையும் ஆழ்மனத்தையும் படமாக்கிய சர்ரியலிஸ்ட் குழுவில் சேர்த்து எழுதிவிடாதீர்கள், அந்தக் குழுவில் அவர் இருந்ததில்லை.

அப்புறம், எல்லா அச்சையும் எட்சிங் என்று சொல்வது. எட்சிங்கில் அமிலம் தகட்டை அரிக்கும், பள்ளத்தில் நிற்கும் மை தாளுக்கு வரும். 'கனவு' அப்படியில்லை, மரத்தின் குறுக்குவெட்டு முகத்தில் கூரான உளியால் செதுக்கியது. மேடான இடம் மை வாங்கும், செதுக்கிய இடம் வெள்ளையாக நிற்கும். அதனால் கறுப்பை விட்டுவிட்டு வெள்ளைக் கோடுகளைப் பின்தொடர்ந்து பாருங்கள், கை போன வழி தெரியும். 1951இல் வந்த, பந்தாகச் சுருண்டு உருளும் ஆறுகால் பிராணி வேறு கதை: அது கல்லில் வரைந்து எடுக்கும் கல்லச்சு, அந்தப் பிராணியும் அவரே கற்பனை செய்தது.

தாளில் தகட்டின் விளிம்பு அழுந்தியிருந்தால்தான் அசல் என்று சிலர் அடித்துச் சொல்கிறார்கள். மரக்கட்டை அச்சுக்கு அது பொருந்தாது. எஷர் பல அச்சுகளைத் தாளின் பின்புறம் எலும்புக் கரண்டியால் தேய்த்தே எடுத்தார். துணியில் இழை எண்ணும் லென்ஸ் கையில் இருந்தால் வைத்துப் பாருங்கள், சீரான குட்டிப் புள்ளிகள் தெரிந்தால் அது இயந்திரத்தில் அடித்த ஆஃப்செட் நகல்.

1963இல் வந்த சிவப்பு எறும்புகள் அச்சைப் போனில் பார்த்துவிட்டுத் தள்ளிவிடுவதும் வேண்டாம். மூன்று கட்டைகளில் எடுத்தது, ஒன்பது எறும்புகள், அவை ஊர்வது அரை முறுக்குப் போட்டு முனைகளை ஒட்டிய மோபியஸ் பட்டையில். ஒரு எறும்பின் மேல் விரலை வைத்துப் பட்டையோடு போய்ப் பாருங்கள், ஓரத்தை ஒருமுறைகூடத் தாண்டாமல் இரண்டு பக்கமும் சுற்றி வந்துவிடுவீர்கள்.

திருப்பூர்க்காரர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். பழைய படம்தானே என்று இதை டீ-ஷர்ட்டில் அடித்துவிடாதீர்கள். எஷர் இறந்தது 1972இல், நம் நாட்டுச் சட்டப்படி காப்புரிமை (காப்பிரைட்) 2032 முடியும் வரை இருக்கிறது. அனுமதி வாங்குங்கள், இல்லையென்றால் நீங்களே ஒரு பூச்சியை வரையுங்கள். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் பூச்சி அருங்காட்சியகம் இருக்கிறது, நோட்டும் பென்சிலுமாகப் போய் ஒரு வண்டின் கால்கள் மார்போடு சேரும் இடத்திலிருந்து தொடங்குங்கள், வரைகிறவர்கள் அதிகம் தப்பு செய்வது அங்கேதான்.