அந்தமானில் தேனிலவு: கடலையும் பொழுதையும் பார்த்துத் திட்டமிடும் முறை

சென்னையிலிருந்து ஏறத்தாழ இரண்டே கால் மணி நேர விமானப் பயணம், இந்தியர்களுக்குக் கடவுச்சீட்டு தேவையில்லை, இறங்கும் ஊரின் கடைத்தெருவில் தமிழ் காதில் விழும் என்பதால், தீவு ஒன்றில் தேனிலவைக் கழிக்க நினைக்கும் நம் ஊர்ப் புதுமணத் தம்பதியர் பலருக்கு முதலில் தோன்றுவது அந்தமான்தான். ஆனால் ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ கிளம்புவதுபோல் அறையை மட்டும் பதிவு செய்துவிட்டுப் புறப்பட்டால் இங்கே பாதி நாள் படகுத்துறையிலேயே கழிந்துவிடும். ஒரு தீவிலிருந்து அடுத்த தீவுக்குப் போக முடியுமா என்பது கடலின் கையில் இருக்கிறது. மாலைப் பொழுது எப்போது முடியும் என்பதோ நாம் பழகிய கணக்குக்குள் வராது. இந்த இரண்டையும் முன்கூட்டி அறியாமல் போய் நாங்கள் பட்ட சில அவஸ்தைகளிலிருந்து கற்றதையே இங்கே எழுதுகிறேன்.

முதலில் மாதம். தை, மாசி, பங்குனியில் திருமணம் நடந்தவர்கள் கொடுத்து வைத்தவர்கள். அந்த மாதங்களில்தான் அந்தமான் கடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும், நீரும் தெளிந்திருக்கும். வைகாசி, ஆனி முகூர்த்தக்காரர்கள் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு: தென்மேற்குப் பருவமழை கேரளத்தைத் தொடுவதற்கு முன்பே, வழக்கமாக மே மூன்றாம் வாரவாக்கில், அந்தமானைத் தொட்டுவிடுகிறது. ஆவணியிலும் ஐப்பசியிலும் மணம் முடித்தவர்கள் அவசரப்படாமல் மார்கழி வரை காத்திருக்கலாம். கல்யாணத்துக்குத்தான் மார்கழி ஆகாது, தேனிலவுக்கு ஆகும். கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரையான வாரத்தை மட்டும் தவிருங்கள், விமானக் கட்டணம் எகிறிவிடும். தாலி கட்டிய மறுநாளே விமானம் ஏறும் திட்டமும் வேண்டாம். மறுவீடு, குலதெய்வக் கோயில், மாமன் வீட்டு விருந்து, சித்தப்பா வீட்டு விருந்து எல்லாம் முடிவதற்குள் ஒரு வாரம் ஓடிவிடும். நடுவில் புறப்பட்டால் அந்தமானிலும் தொலைபேசியில் சமாதானம் சொல்லிக்கொண்டிருக்க நேரும்.

பயணச்சீட்டு பதிவு செய்யும்போது மணமகளின் பெயரில் விழிப்பாக இருக்க வேண்டும். ஆதாரில் அப்பாவின் முதலெழுத்தோடு இருக்கும் பெயரை, ஆசையாகக் கணவன் பெயரைச் சேர்த்துப் பதிவு செய்துவிட்டு விமான நிலையத்தில் விளக்கம் சொல்லிக்கொண்டிருப்பவர்கள் உண்டு. விமானத்துக்கும் தீவுகளுக்கிடையிலான கப்பலுக்கும் அடையாள அட்டையில் உள்ள பெயரே இருக்கட்டும். ஊர்ப்பெயர்களிலும் குழப்பம் வரலாம்: ஹேவ்லாக் தீவு 2018 டிசம்பரில் ஸ்வராஜ் தீவு ஆயிற்று, நீல் தீவு ஷஹீத் தீவு ஆயிற்று, விமானம் இறங்கும் போர்ட் பிளேர் 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் ஆயிற்று. பேச்சு வழக்கில் பழைய பெயர்களே நிலைத்திருப்பதால் நானும் அவற்றையே எழுதுகிறேன். முதலாம் இராசேந்திரனின் மெய்க்கீர்த்தியில் ‘மாநக்கவாரம்’ என்று வரும் நிக்கோபாரையும் பார்த்துவிடலாம் என்று யாராவது ஆசைப்பட்டால், அது சுற்றுலாப் பயணிகளுக்குத் திறக்கப்பட்ட இடம் அன்று என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

எத்தனை நாள்? ஆறு இரவுகள் போதும். முதல் இரவு போர்ட் பிளேரில், அடுத்த மூன்று இரவுகள் ஹேவ்லாக்கில், ஒன்று நீலில், கடைசி இரவு மீண்டும் போர்ட் பிளேரில் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைசி இரவை வீண் என்று நினைத்து வெட்டாதீர்கள். கடல் கொந்தளித்தால் கப்பல் சேவையை நிறுத்திவிடுவார்கள். காலையில் நீலிலிருந்து கப்பல், மதியம் சென்னைக்கு விமானம் என்று நெருக்கி அடுக்கினால், ஒரே ஓர் அறிவிப்பில் இரண்டு பயணச்சீட்டும் போய்விடும். நாள் குறைவாக இருந்தால் நீலை விட்டுவிடுங்கள், இந்த இடைவெளியை விடாதீர்கள். சென்னையிலிருந்து கப்பலிலேயே போகலாமே என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். ஏறத்தாழ மூன்று நாள் பயணம் அது. இளமைக்கு ஒரு சாகசமாக இருக்கும், தேனிலவுக்கு ஆகாது.

தீவுகளுக்கிடையே அரசுக் கப்பல்களும் தனியார் விரைவுப் படகுகளும் ஓடுகின்றன. தனியார் படகுகள் பெரும்பாலும் குளிரூட்டப்பட்ட, கண்ணாடி அடைத்த கூடங்கள்; போர்ட் பிளேரிலிருந்து ஹேவ்லாக்குக்கு ஏறத்தாழ ஒன்றரை மணி முதல் இரண்டு மணி நேரம் ஆகும். வெளிக்காற்று படாததால் குமட்டல் வருகிறவர்களுக்கு அங்கேதான் சோதனை. நாங்கள் முதல் பயணத்தன்று விடுதியில் பூரியும் உருளைக்கிழங்கு மசாலாவும் வயிறு நிறைய உண்டுவிட்டு ஏறினோம். அரை மணி நேரம் ஆவதற்குள் என் மனைவி என் தோளில் சாய்ந்தாள். காதல் என்று நான் நினைத்த அந்தக் கணத்தில் அவள் காகிதப் பை கேட்டாள். பயண வாந்திக்கான மாத்திரையை மருத்துவரிடம் கேட்டு வாங்கிப் படகு ஏறுவதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். குமட்டல் வந்தபின் போட்டுப் பயனில்லை. இரண்டு இட்லியோடு நிறுத்திக்கொண்டு, கீழ்த்தளத்தின் நடுப்பகுதியில் இருக்கை கேட்டு வாங்குங்கள், ஆட்டம் அங்கே குறைவு. கைப்பேசியைப் பார்க்காமல் தொடுவானத்தைப் பார்ப்பதும் உதவும்.

பொழுதைப் பற்றிச் சொல்லத்தான் இதை எழுதவே தொடங்கினேன். இந்திய நேரம் கிழக்குத் தீர்க்கரேகை 82.5 பாகையை வைத்துக் கணிக்கப்படுகிறது. போர்ட் பிளேரோ ஏறத்தாழ 92.7 பாகையில் இருக்கிறது. ஒரு பாகைக்கு நான்கு நிமிடம் என்ற கணக்கில் சூரியன் அங்கே கடிகாரத்தை நாற்பது நிமிடம் முந்திக்கொள்கிறது. டிசம்பர்த் தொடக்கத்தில் ஐந்து மணிக்கு முன்பே மறைந்துவிடும். தை மாதத்தில் ஐந்தே காலை ஒட்டி மறையும். இது தெரியாமல், மதியம் சாப்பிட்டுத் தூங்கி எழுந்து, நாலே முக்காலுக்குத் தேநீர் குடித்துவிட்டு, ஆட்டோ பிடித்து ஹேவ்லாக்கின் ராதாநகர் கடற்கரைக்குப் போய் இறங்கினோம். மக்கள் எதிரே வந்துகொண்டிருந்தார்கள், காவலர் ஊதலடித்துக் கடலிலிருந்தவர்களைக் கரையேற்றிக்கொண்டிருந்தார், மேற்கே ஒரு செம்பருத்தி நிறக் கோடு மட்டும் மிச்சமிருந்தது. மறுநாள் மூன்று மணிக்கே போய் உட்கார்ந்தோம். ஆகவே அந்தமானில் இருக்கும் நாள்களில் ஐந்து மணிக்கு எழுந்து, ஒன்பது மணிக்குத் தூங்கப் போவது என்று வைத்துக்கொள்ளுங்கள். மதியச் சாப்பாட்டைப் பன்னிரண்டு மணிக்கே முடித்துவிட்டால் மாலை உங்கள் கையில் இருக்கும்.

பொழுதுக்கு அடுத்தது ஓதம், அதாவது கடல்நீர் ஏறுவதும் வற்றுவதும். ஹேவ்லாக்கில் கடற்கரைகளையும் கிராமங்களையும் எண்ணால் அழைப்பார்கள்: மூன்றாம் எண் கடைவீதி, ஐந்தாம் எண் விஜயநகர், ஏழாம் எண் ராதாநகர். விடுதிகள் நிறைந்த கிழக்குக் கரையில் நீர் வற்றும் நேரத்தில் கடல் வெகு தூரம் உள்வாங்கிவிடும். அறை வாசலில் கடல் என்று பணம் கட்டியவர்கள் பாறையையும் சேற்றையும் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அங்கே விடியற்காலைச் சூரியோதயம் பாருங்கள், குளிப்பதற்கு ராதாநகர் போங்கள். நீல் தீவில் இயற்கையாக அமைந்த பாறைப் பாலத்துக்கும் நீர் வற்றியிருக்கும்போதுதான் நடந்து போக முடியும். வழுக்குப் பாறை என்பதால் பிடிமானமுள்ள செருப்பு கட்டாயம். வீட்டுச் சுவரிலுள்ள தினசரி நாள்காட்டி இதற்கு உதவும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் ஏற்றமும் வற்றமும் பெரிதாக இருக்கும். இருட்டில் துடுப்புப் படகில் போய், துடுப்புப் படும் இடமெல்லாம் நீர் நீலமாக ஒளிர்வதைக் காண விரும்புகிறவர்கள் அமாவாசையை ஒட்டிப் பயணத்தை வைத்துக்கொள்ளலாம். நிலவொளியில் அந்த ஒளிர்வு எடுபடாது. அதை மட்டும் பார்த்துவிட்டால் ஊரில் எடுத்த நிழற்படங்கள் எல்லாம் சாதாரணமாகிவிடும்.

கடலுக்கடியில் மூழ்கிப் பார்க்கும் ஸ்கூபாவுக்கு, பயிற்றுநர் பிடித்து அழைத்துச் செல்லும் முதல்முறை முழுக்குக்கு, நீச்சல் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஆஸ்துமா, காதுக்கோளாறு, இதயநோய் இருந்தால் அவர்கள் தரும் மருத்துவப் படிவத்தில் மறைக்காமல் எழுதுங்கள். சளி பிடித்திருந்தால் இறங்கவே வேண்டாம், காது தாங்காது. ஒரு முறை மூழ்கினால் குறைந்தது 12 மணி நேரமும், பலமுறை மூழ்கினால் 18 மணி நேரமும் கழித்தே விமானம் ஏற வேண்டும். எனவே ஸ்கூபாவை ஹேவ்லாக்கின் முதல் முழுநாளில் வைத்துவிடுங்கள்.

புதுமணப்பெண்ணுக்கென்று சில செய்திகளைப் பயண முகவர்கள் யாரும் சொல்வதில்லை. கழுத்தில் இருப்பது இன்னும் மஞ்சள் கயிறாக இருந்தால், கடல்நீரில் ஊறிச் சாயம் இறங்கி, வெள்ளை உடையை மஞ்சளாக்கிவிடும். அடர்நிற உடையை எடுத்துக்கொண்டு, கயிற்றை உள்ளே விட்டு ஊக்கால் குத்திக்கொள்வதே வழி. காலில் மாட்டும் துடுப்புக்குள் மெட்டி விரலை நசுக்கும். அதைக் கழற்றுவதா என்பதை மாமியாரிடம் கேட்க வேண்டிய வீடென்றால் ஊரிலேயே கேட்டுவிடுங்கள். கண்ணாடி வளையலைக் கழற்றிவிட வேண்டும். கல்யாண நகை எதையும் கொண்டுவராதீர்கள். பட்டுப்புடவைகள் நிறைந்த பெரிய பெட்டியும் வேண்டாம், படகுத்துறையில் அதை இழுக்கப்போவது கணவர்தான்.

தேனிலவுத் தொகுப்பு என்று விற்கப்படுவதில் மெழுகுவத்தி விருந்தும், மெத்தையில் பூவும், துண்டில் மடித்த அன்னப்பறவையும் அடங்கும். எங்களுக்குக் ‘கடல் நோக்கிய அறை’ என்று எழுதிக்கொடுத்த விடுதியில் சன்னலைத் திறந்தால் இரண்டு தென்னைமரமும் ஒரு தண்ணீர்த் தொட்டியும் தெரிந்தன. தொட்டிக்குப் பின்னால் கடல் இருந்தது உண்மைதான். அறையின் எண்ணையும் படத்தையும் கேட்டு வாங்கிய பிறகே முன்பணம் அனுப்புங்கள். அந்தப் பூவுக்குத் தரும் பணத்தில் இன்னோர் இரவு தங்கலாம் என்பது என் கருத்து.

சாப்பாட்டுக்குக் கவலையில்லை. போர்ட் பிளேரில் நம் ஊர் இட்லி, தோசை கிடைக்கும். ஹேவ்லாக்கில் குடியேறியவர்கள் பெரும்பாலும் கிழக்கு வங்காளத்திலிருந்து வந்தவர்கள் என்பதால் கடைவீதியில் கடுகெண்ணெய் மணக்கும் மீன்குழம்பும் சோறும் கேட்டுச் சாப்பிடுங்கள். சென்னையிலிருந்து கடலடிக் கண்ணாடியிழை வடம் 2020 ஆகஸ்டில் பயன்பாட்டுக்கு வந்தபின் இணையம் மேம்பட்டிருக்கிறது. ஆனாலும் சிறு தீவுகளில் பணத்தாள் கையிருப்பு அவசியம். மணல் ஈக்களுக்கான களிம்பையும் மறக்காதீர்கள், அவற்றின் கடி ஒரு வாரம் அரிக்கும்.

எச்சரிக்கைப் பலகை வைத்த நீரில் இறங்காதீர்கள். உவர்நீர் முதலைகள் இங்கே உண்டு; 2010-இல் ராதாநகரை ஒட்டிய சிறு குடாவில் வெளிநாட்டுப் பயணி ஒருவர் முதலையால் உயிரிழந்தார். பாராடாங் தீவுக்குப் போகும் சாலை ஜாரவா பழங்குடி மக்களின் காப்புப்பகுதி வழியே செல்வதால் அங்கே வண்டியை நிறுத்துவதும் படமெடுப்பதும் குற்றம். ‘ஜாரவாவைக் காட்டுகிறேன்’ என்று யாராவது ஆசை காட்டினால் அந்த வண்டியில் ஏறாதீர்கள்.

கடைசி நாள் பிற்பகலைச் செல்லுலார் சிறைக்கு ஒதுக்குங்கள். ஆங்கிலேயர் விடுதலை வீரர்களை அடைத்துவைத்த, 1896-இல் தொடங்கி 1906-இல் முடிந்த கட்டடம் அது. ஏழு சிறகுகளில் மூன்றே மிஞ்சியிருக்கின்றன. முதல் நாளே அதைப் பார்த்துவிட்டால் அந்தக் கனம் மறுநாளும் கூட வரும். பிறகு அறைக்கு வந்து பைகளைக் கொட்டித் தேடுங்கள். கரையில் பொறுக்கிய பவளத் துண்டு ஒன்றுகூட உள்ளே இருக்கக் கூடாது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் பவளம் காக்கப்பட்டது. விமான நிலையத்தில் எங்களுக்கு முன் வரிசையில் நின்ற மருதாணிக் கைகள் சோதனை மேசையில் ஒரு கைக்குட்டையை அவிழ்த்தன. உள்ளே விரலளவு வெள்ளைப் பவளம் இருந்தது. அலுவலர் அதை எடுத்துத் தட்டில் போட்டார். அந்தத் தட்டில் ஏற்கெனவே நிறைய இருந்தன.